நீலத் தாள்

கடையில் கிடைப்பது
பதினாறரை மில்லிமீட்டர் தண்டவாளம்.
ஜெர்மன்காரன் ரயிலுக்கு அது சரி.
இரணியலை எண்பத்தேழில் ஒன்றாகச் சுருக்கினால்
நம்முடைய அகலப் பாதை
பத்தொன்பதேகால் வருகிறது.
வித்தியாசம் இரண்டே முக்கால்.
முன்பல்லில் அந்த அளவு பிசகினால்
கல்யாணப் பெண் வாயைத் திறக்க மாட்டாள்.
அதனால் நானே செய்கிறேன்.

பகலில் தக்கலை லேபில்
அடுத்தவர்களுடைய பற்கள்.
ராத்திரி மாடி அறையில்
செம்பு ஒட்டிய அட்டையைச் சீவிக்
கட்டைகள்.
ஒவ்வொன்றின் முதுகிலும் அரத்தால் ஒரு கீறல்,
செம்பு ரெண்டாகப் பிரிய.
மறந்தால் இடதும் வலதும் கைகோத்துக்கொள்ளும்,
எல்லாம் அணைந்துவிடும்.
நாற்பத்திரண்டில் ஒன்றை மறந்தேன்.
எது என்று தேடுவதில் ஒரு ஞாயிறு போயிற்று,
ஆராதனையும் போயிற்று.

சல்லிக்கு முதலில்
மணவாளக்குறிச்சிக் கறுப்பு மண் அள்ளி வந்தேன்.
என்ன மினுக்கம் அது!
மூன்று சுற்று ஓடி என்ஜின் நின்றது.
திறந்து பார்த்தால்
மோட்டார் காந்தத்துக்கு மீசை முளைத்திருந்தது.

இப்போது போடுவது வேறு.
லேபில் வேலை முடிந்து எறிகிற அச்சுகள்,
கல்குளம் தாலுகாவின் மேல்தாடை, கீழ்த்தாடை,
இடிகல்லில் நொறுக்கித்
தேயிலை அரிப்பில் சலித்து
சாம்பல் நிறம் ஏற்றியது.
ரெண்டாவது லைன் ஓரம் கிடப்பது
ஒரு தலைமையாசிரியரின் கடைவாய் என்பது
எனக்கு மட்டும் தெரியும்.

பாயிண்ட்தான் பெரும்பாடு.
ரெண்டு நாக்கு,
ராவி ராவிக் கத்தி விளிம்பானவை.
எட்டரைக்கு ஒன்று சாய்வில்
ரெண்டு கம்பி கூடுகிற மூக்கு.
அதற்கு முன்னால் ஒடுங்குகிற தொண்டை.
ரயில்வேக்காரர்கள் வைத்த பேர்கள்,
பல் லேபில் இருந்து நான் கொண்டுபோனவை அல்ல.

கீழ் வீட்டு பிரைட்சிங்
இரணியல் செக்‌ஷனில் கீமேன்.
வாடகை கொடுக்க ஏறி வந்தவர்
பலகை மேல் குனிந்தார்.
சிரிப்பார் என்று காத்திருந்தேன்.
"நாக்கு வறண்டு கெடக்கே, றெஜிலா.
எண்ணெ தொட்டு வைக்கண்டாமா?"
அவ்வளவுதான்.
நூறு ரூபாய் குறைத்துத் தந்துவிட்டு இறங்கிப் போனார்.

வைத்தேன்.
நாக்கு வழுக்கிக்கொண்டு போய் ஒட்டியது.
ஆனாலும்
ஏழாவது வேகன் மட்டும்
மூக்கில் ஏறும், யோசிக்கும், சாயும்.
அளவுத் தகடு குற்றமில்லை என்றது.
பூதக்கண்ணாடியும் அதையே சொன்னது.
மற்ற ஆறும் ஒன்றும் அறியாத பிள்ளைகள் போலப் போயின.
பதினோரு நாள்.
அந்த வேகனைப் பெட்டிக்குள் போட்டு
மூடிவிடக்கூட நினைத்தேன்.

பன்னிரண்டாம் நாள், ஒரு குளச்சல்காரர்
நான் செய்த பல் உயரமாய்க் கடிக்கிறது என்று வந்தார்.
டாக்டர் அந்த நீலத் தாளை வாய்க்குள் வைத்து,
"கடியுங்க. அசைச்சுக் கடியுங்க" என்றார்.
நான் அவருடைய பல்லைப் பார்க்கவே இல்லை.
தாளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ராத்திரி மூக்கின் மேல் அதே தாள்.
ஏழாவது வேகனைக் கையால் பிடித்து
பைய, பைய, கடி.
எடுத்தால்
நுனியில்
கடுகில் பாதி, ஒரு நீலப் புள்ளி.

அரம் மூன்று தடவை.
மறுபடி தாள்.
மறுபடி ஒரு தடவை, ஊதிவிட்டு.
ஏழும் போயின.
திரும்பி வந்தன, பின்னால் தள்ளியும்.
கைதட்ட ஆளில்லை, மணி ரெண்டே கால்.

காலையில் படியில் வைத்து
பிரைட்சிங்கிடம் சொன்னேன்.
சுத்தியலைத் தோள் மாற்றினார்.
"எனக்கும் ஒண்ணு தா.
வடக்குப் பாயிண்ட்டுல ஒரு சத்தம் கேக்கு,
யாருக்கும் பிடிபடல்ல."
எண்பத்தேழு மடங்கு தாளுக்கு
நான் எங்கே போவேன் அண்ணா, என்றேன்.

அவர் கையை மடக்கவில்லை.
பாதி கிழித்துக் கொடுத்தேன்.
சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு
லைனுக்குப் போனார்.